பாத எரிச்சலுக்குப் பிரிகாபலின்: தந்தைக்குத் தலைசுற்றலும் கால் வீக்கமும், மாற்று மருந்து உண்டா?

கேள்வி: மும்பை முலுண்டிலிருந்து ஒரு மகள்

வணக்கம். என் தந்தைக்கு வயது 69. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்களோடு முலுண்டில் இருக்கிறார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்ற ஆண்டு இரண்டு பாதங்களிலும் எரிச்சல் தொடங்கியது. முதலில் விரல் நுனிகளில் மட்டும் இருந்தது, மெல்ல மேலேறி இப்போது கணுக்காலைத் தொட்டுவிட்டது. பகலில் ஓரளவு பொறுத்துக்கொள்கிறார். இரவில் படுத்த பின் போர்வை பட்டாலே துடித்து எழுந்துவிடுகிறார். அதே சமயம் உள்ளங்கால் மரத்துப்போய், தரையில் நடக்கும்போது மெத்தையின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறார். எரிச்சலும் மரத்துப்போதலும் ஒரே பாதத்தில் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்பதே எங்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் குடும்ப மருத்துவர், நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 மில்லிகிராமும் பி12 வைட்டமினின் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எழுதித் தந்தார். இரண்டு மூன்று வாரங்களில் எரிச்சல் பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிறார். எழுந்து நின்றால் தள்ளாடுகிறார்; ஒரு நாள் இரவு குளியலறைக்குப் போகும்போது விழப்போய்ச் சுவரைப் பிடித்துத் தப்பினார். இரண்டு கணுக்கால்களும் மாலையில் வீங்கிவிடுகின்றன. உடல் எடையும் கூடியிருக்கிறது.

அவர் எடுத்துவரும் மற்ற மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பியோகிளிட்டசோன். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின். அண்மையில் எடுத்த சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.6 என்று வந்தது.

அக்கம்பக்கத்தினர் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எரிச்சல்தான் குறைந்துவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்கிறார் ஒருவர். நரம்புக்கு வைட்டமின் ஊசி போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். ஆல்ஃபா லிபோயிக் அமிலம் நரம்பைப் புதுப்பிக்கும் என்று உறவினர் ஒருவர் வாங்கியே அனுப்பிவிட்டார். இந்த மருந்துகள் நரம்பைச் சரிசெய்கின்றனவா, அல்லது வலியை மட்டும் அடக்குகின்றனவா? இவருக்குப் பொருந்தக்கூடிய வேறு மருந்து உண்டா? அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கப் போகிறோம். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

மறுமொழி 1: மாட்டுங்காவிலிருந்து ஒரு மருந்தாளுநர்

சகோதரி, நீங்கள் எல்லா மருந்துகளையும் கிரியேட்டினின் அளவையும் சேர்த்து எழுதியது மிகவும் நல்லது. பெரும்பாலானோர் வலி மாத்திரையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்; பதில் இருப்பதோ அந்த மற்றதில்தான்.

முதலில் வீக்கத்தைப் பார்ப்போம். பிரிகாபலின் கால் வீக்கத்தைத் தரக்கூடியது. பியோகிளிட்டசோன் உடலில் நீர் தேங்கச் செய்யும். அம்லோடிபினும் கணுக்கால் வீக்கத்துக்குப் பெயர்போனது. இந்த மூன்றும் ஒரே உடலில் சேர்ந்திருக்கின்றன. குறிப்பாகப் பிரிகாபலினையும் பியோகிளிட்டசோன் வகை மருந்துகளையும் சேர்த்துத் தரும்போது வீக்கமும் எடையும் கூடும் என்று பிரிகாபலினின் மருந்துக் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை உள்ளது. இதயம் பலவீனமானவர்களுக்கு இது வெறும் வீக்கத்தோடு நிற்காது. ஆகவே படுக்கும்போது மூச்சு வாங்குகிறதா, இரவில் மூச்சுத் திணறி எழுகிறாரா என்பதைக் கவனித்து, மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது சிறுநீரகம். பிரிகாபலின், அதே வகையைச் சேர்ந்த கபாபென்டின் இரண்டும் கல்லீரலில் சிதைவதில்லை. பெரும்பாலும் அப்படியே சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. 69 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.6 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 46 மில்லிலிட்டரை ஒட்டி இருக்கும். இந்தத் திறன் 30-க்கும் 60-க்கும் இடையில் இருப்பவர்களுக்குப் பிரிகாபலினின் அளவைப் பாதியாக்க வேண்டும் என்பது விதி. அதாவது உங்கள் தந்தை நாளொன்றுக்கு எடுக்கும் 150 மில்லிகிராம், சிறுநீரகம் நன்றாக இயங்கும் ஒருவர் 300 மில்லிகிராம் எடுப்பதற்குச் சமம். தூக்கத்துக்கும் தள்ளாட்டத்துக்கும் இதுவே போதுமான காரணம். எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கிவிடும் தன்மை டாம்சுலோசினுக்கும் உண்டு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினையும் இந்தச் சிறுநீரகத் திறனில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 45-க்குக் கீழே இறங்கினால் அதன் அளவையும் குறைப்பது வழக்கம்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். பிரிகாபலினைச் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, குமட்டல், தலைவலி, வியர்வை, பதற்றம் எல்லாம் வரும். அடங்கியிருந்த வலியும் திரும்பும். குறைந்தது ஒரு வாரமாவது படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கடைக்காரன் என்ற முறையில் ஒரு சொல். நம் நாட்டில் பிரிகாபலின் தனியாகவும் கிடைக்கிறது, மெத்தில்கோபாலமினோடு சேர்த்தும் கிடைக்கிறது, மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் தரப்படும் நார்ட்ரிப்டிலினோடு சேர்த்தும் கிடைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இந்த மூன்று அட்டைகளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ஓரிரு எழுத்துகள் மட்டுமே மாறும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு நார்ட்ரிப்டிலின் சேர்ந்த அட்டை தவறிப் போய்விட்டால் சிறுநீர் அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. வாங்கும்போது பெயரைப் பார்த்தால் போதாது. கீழே சிறிய எழுத்தில் இருக்கும் கலவை விவரத்தையும் படியுங்கள். கூட்டு மாத்திரையில் இன்னொரு தொல்லை, ஒரு மருந்தின் அளவை மட்டும் குறைக்க வழியில்லை என்பது. தனித்தனி மாத்திரைகளாக எழுதித் தரும்படி கேளுங்கள். மக்கள் மருந்தகங்களில் பிரிகாபலின் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

மறுமொழி 2: சயானிலிருந்து ஒரு வாசகி

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்ல, மருந்து எடுத்துக்கொண்டவள். மார்பகப் புற்றுநோய்க்குப் பாக்லிடாக்சல் ஏற்றியபோது என் கைவிரல்களும் பாதங்களும் மரத்து எரியத் தொடங்கின. சட்டைப் பொத்தானைப் போடவும் பூத்தொடுக்கவும் முடியாமல் போயிற்று. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின், போர்டிசோமிப் போன்ற மருந்துகள் புற நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை என்பதை எனக்குச் சிகிச்சை தந்தவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே அறிகுறி வந்த உடனேயே சொல்ல முடிந்தது, அவர்களும் அடுத்த ஏற்றத்தின் அளவைக் குறைத்தார்கள்.

எனக்குத் தரப்பட்டது டுலோக்செடின். அதை எழுதித் தந்தபோது, உள்ளே இருந்த காகிதத்தில் அது மனச்சோர்வுக்கான மருந்து என்று படித்துவிட்டு என் அம்மா கலங்கிப்போனார். மகளின் வலியை மருத்துவர் மனநோய் என்று நினைக்கிறாரோ என்பது அவர் அச்சம். இந்த அச்சம் பல வீடுகளில் மாத்திரையைக் குப்பைக் கூடைக்கு அனுப்பிவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன். வலியை முதுகுத் தண்டிலேயே தடுத்து நிறுத்தும் வழி ஒன்று மூளையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. அந்த வழியில் பயன்படும் செரட்டோனின், நாரட்ரினலின் என்னும் பொருள்களை இந்த மருந்து கூடுதலாக நிற்கச் செய்கிறது. மனச்சோர்வே இல்லாதவர்களுக்கும் வலி குறைவது அதனால்தான்.

புற்றுநோய் மருந்தால் வந்த நரம்பு வலியைப் பொறுத்தவரை, நல்ல சான்று உள்ள ஒரே மருந்து டுலோக்செடின்தான் என்று எனக்கு விளக்கினார்கள். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 231 பேர் பங்கேற்றார்கள்; முதல் வாரம் 30 மில்லிகிராம், பிறகு நான்கு வாரங்கள் 60 மில்லிகிராம் என்று தந்து பார்த்ததில், மருந்து எடுத்தவர்களில் 59 விழுக்காட்டினர் வலி குறைந்தது என்றார்கள்; மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களிலும் 38 விழுக்காட்டினர் அப்படியே சொன்னார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். என் அனுபவமும் அதை ஒட்டியதே. எரிச்சல் தாங்கும் அளவுக்கு இறங்கியது. மரத்துப்போனது அந்த மாத்திரையால் மாறவில்லை. அது கீமோ முடிந்த பிறகு மாதக்கணக்கில் தானாகக் குறைந்துகொண்டு வந்தது. முதல் சில நாள்கள் குமட்டல் கடுமையாக இருந்தது, சாப்பாட்டுக்குப் பின் எடுக்கத் தொடங்கியதும் தணிந்தது.

இதைப் படிக்கும் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு மட்டும் ஒன்று. டாமோக்சிஃபென் எடுப்பவர்கள், டுலோக்செடின் எழுதும் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டாமோக்சிஃபெனைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை டுலோக்செடின் தடுக்கிறது. நான் எடுத்தது லெட்ரோசோல் என்னும் வேறு மருந்து என்பதால் எனக்கு அந்தச் சிக்கல் எழவில்லை.

மறுமொழி 3: தாராவியில் பணிபுரியும் ஒரு சுகாதாரப் பணியாளர்

மரத்துப்போன கால் என்றாலே சர்க்கரை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பணிபுரியும் பகுதியில் காரணங்கள் வேறாகவும் இருக்கின்றன. நரம்பைக் காப்பாற்றும் மருந்தும் காரணத்தைப் பொறுத்தே மாறும் என்பதால் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

காசநோய்க்கு ஐசோநியாசிட் எடுப்பவர்களுக்கு, அந்த மருந்து பி6 வைட்டமினின் வேலையைத் தடுப்பதால் பாத எரிச்சல் வரலாம். சர்க்கரை நோயாளிகள், மது அருந்துபவர்கள், கர்ப்பிணிகள், சத்துக் குறைவானவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்க நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் பைரிடாக்சின் போதுமானது. அதே பி6-ஐ நாளும் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்று நீண்ட காலம் விழுங்கினால், அதுவே நரம்பைக் கெடுக்கும். நரம்புக்கு நல்லது என்று இரண்டு மூன்று வைட்டமின் மாத்திரைகளைச் சேர்த்து எடுப்பவர்கள் ஒவ்வோர் அட்டையிலும் எவ்வளவு பி6 இருக்கிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் இன்னும் கடுமையானது; அதை எடுப்பவர் காலில் ஊசி குத்துகிறது என்று சொன்னால் அன்றே மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம்.

தொழுநோயைப் பற்றிப் பேச மக்கள் இன்னும் கூசுகிறார்கள். தோலில் நிறம் வெளுத்த, உணர்ச்சியற்ற ஒரு திட்டு, முழங்கை ஓரத்தில் தடித்த நரம்பு, சுண்டு விரல் மடங்கத் தொடங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது; நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்களில் முடிகிறது. கிருமியைக் கொல்வது வேறு, நரம்பைக் காப்பது வேறு. சிகிச்சையின் நடுவிலும், ஏன், சிகிச்சை முடிந்த பிறகும்கூட நரம்பில் திடீர் அழற்சி எழலாம். அப்போது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டைப் பல வாரங்கள், படிப்படியாகக் குறைத்துக்கொண்டே தருகிறார்கள். உணர்ச்சியோ வலுவோ போய் 6 மாதங்களுக்குள் அதைத் தொடங்கினால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. அதற்குப் பின் தொடங்கினால் பலன் மிகவும் குறைவு. அந்த நாள்களைத் தவறவிட்டு, கை மடங்கிய பிறகு வந்து நிற்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. மரத்துப்போன திட்டு ஒன்றைக் கண்டால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மறுமொழி 4: செம்பூரிலிருந்து, ஓய்வு பெற்ற பொது மருத்துவர்

முலுண்டு சகோதரியின் கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். பிரிகாபலின், கபாபென்டின், டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் ஆகிய எதுவும் நரம்பைச் சரிசெய்வதில்லை. இவை வலியின் ஓசையைத்தான் குறைக்கின்றன. பிரிகாபலினும் கபாபென்டினும், நரம்பு முனைகளில் கால்சியம் நுழையும் வாயிலின் ஒரு பகுதியைப் பற்றிக்கொண்டு, வலிச் செய்தியைக் கடத்தும் பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரப்பதைக் கட்டுப்படுத்துகின்றன. வலிப்பு நோய்க்கென்று வந்த கபாபென்டின் நரம்பு வலிக்குப் பயன்படுவதும் அதனால்தான். நரம்பு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே இருக்கும்.

எரிச்சலும் மரத்துப்போதலும் ஒன்றாக இருப்பதற்கும் காரணம் இதுவே. பாதத்தின் மெல்லிய நரம்பிழைகள் சிதையும்போது காரணமில்லாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், அது எரிச்சல். முற்றிலும் அழிந்த இழைகள் எதையும் சொல்லாது, அது மரத்துப்போதல். வலி மருந்து முதலாவதை அடக்கும், இரண்டாவதைத் தொடாது. சில வேளைகளில் நோய் முற்றியதால் எரிச்சல் தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே வலி குறைந்துவிட்டது என்பதை நரம்பு தேறிவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. தொடு உணர்ச்சியைப் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழையும், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் கொண்டு பாதத்தைப் பரிசோதித்தால்தான் உண்மை நிலை தெரியும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும். அடுத்த வாரம் அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

நரம்புக்கு உண்மையில் உதவுவது காரணத்தைக் கவனிப்பது. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது வழக்கம்; சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் கூடுதல். குறைபாடு இருந்தால் அதை நிரப்புவது உண்மையான சிகிச்சை. குறைபாடு இல்லாதவருக்கு ஊசி போடுவதால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. உங்கள் தந்தை ஏற்கெனவே மெத்தில்கோபாலமின் எடுப்பதால், இப்போது இரத்தத்தில் பி12 அளந்தால் எண் உயர்ந்தே காட்டும். மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய அறிக்கை ஏதேனும் இருந்தால் தேடி எடுத்துப் போங்கள். தைராய்டு பரிசோதனையும் செய்திருக்க வேண்டும்.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. 1993-இல் வெளியான டிசிசிடி ஆய்வு, முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குத் தீவிரக் கட்டுப்பாட்டால் நரம்பு பாதிப்பு 60 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. உங்கள் தந்தைக்கு இருப்பது போன்ற இரண்டாம் வகையில் அந்தப் பலன் அவ்வளவு பெரியது அல்ல. ஆனாலும் மேலும் கெடாமல் தடுக்க அது வேண்டும். அதற்காக அவசரப்படவும் கூடாது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, மூன்று மாதங்களுக்குள் 2 அல்லது 3 புள்ளிகளுக்கு மேல் சரிந்தால், அந்த வேகமே கடுமையான நரம்பு வலியைக் கிளப்பிவிடுவது உண்டு.

இனி மருந்துத் தேர்வு. 2015-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒருவருக்கு வலி பாதியாகக் குறைய வேண்டுமானால் அமிட்ரிப்டிலின் வகையில் ஏறத்தாழ 4 பேருக்கும், டுலோக்செடின் வகையில் 6 பேருக்கும், பிரிகாபலினில் 8 பேருக்கும் மருந்து தர வேண்டியிருந்தது. இதை வைத்து அமிட்ரிப்டிலினே சிறந்தது என்று முடிவு செய்துவிட முடியாது. 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆப்ஷன்-டிஎம் என்னும் பிரிட்டிஷ் ஆய்வில், அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் மூன்றையும் வெவ்வேறு வரிசையில் ஒரே நோயாளிகளுக்கு மாற்றி மாற்றித் தந்து பார்த்தார்கள். எந்த வரிசையில் தொடங்கினாலும், 10-க்கு 6.6 என்றிருந்த சராசரி வலி 3.3 அளவுக்கு இறங்கியது. ஒன்று போதாதபோது இன்னொன்றைச் சேர்த்தது பலருக்கு உதவியது. ஆகையால் எந்த மருந்து வலிமையானது என்பதைவிட, எந்த மருந்து இந்த உடலுக்குத் தீங்கு செய்யாது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் தந்தைக்கு அமிட்ரிப்டிலினை நான் தரமாட்டேன். புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது, தள்ளாட்டம் இருக்கிறது, வயது 69. சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வாய் உலர்தல், இதயத் துடிப்பின் தாள மாற்றம் என்று அதன் பின்விளைவுகள் எல்லாம் முதியவர்களையே குறிவைக்கின்றன. டுலோக்செடினைப் பரிசீலிக்கலாம். சிறுநீரகத் திறன் 30-க்குக் கீழே போனால் அதைத் தவிர்ப்பார்கள், இவருக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. கல்லீரல் நோயோ மிகுந்த மதுப் பழக்கமோ இருந்தால் கூடாது. அது இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தலாம், சிலருக்குச் சிறுநீர் கழிப்பதில் தயக்கத்தையும் தரலாம் என்பதால் தொடங்கிய சில வாரங்கள் கவனிக்க வேண்டும். அதோடு டிரமடால் சேர்க்கவே கூடாது. பொதுவாகவே டிரமடால், டபென்டடால் போன்ற அபின் வகை மருந்துகளைச் சர்க்கரை நோயின் நரம்பு வலிக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. என் கருத்தும் அதுவே. பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் இந்த வலிக்கு உதவுவதில்லை. டைக்ளோஃபெனாக் இந்தச் சிறுநீரகத்துக்குக் கேடும் செய்யும்.

மேற்பூச்சு மருந்துகளும் இருக்கின்றன. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் களிம்பை நாளுக்கு மூன்று நான்கு முறை, பல வாரங்கள் தொடர்ந்து தடவ வேண்டும். முதல் நாள்களில் எரிச்சல் கூடும் என்பதால் பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். காயமோ வெடிப்போ உள்ள பாதத்தில் தடவக் கூடாது. தடவிய கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. லிடோகெயின் பட்டை சிலருக்கு உதவும். உடல் முழுவதும் பரவாததால் தூக்கமோ தள்ளாட்டமோ தராது என்பது இவற்றின் நன்மை. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் நாளுக்கு 600 மில்லிகிராம் அளவில் சிலருக்கு எரிச்சலைச் சற்றுக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. நரம்பைப் புதுப்பிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வாங்கியதற்காகத் தொடங்க வேண்டாம்; மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு மருந்தைச் சரியான அளவில் 4 முதல் 6 வாரங்கள் எடுத்துப் பார்த்த பிறகே பயனில்லை என்று சொல்ல முடியும். வலி பாதியாவதே வெற்றி. முழுவதும் போக வேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போனால் விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியும்.

பாதத்தைக் காப்பதை மருந்துக்கு இணையாக மதியுங்கள். உணர்ச்சியற்ற பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கூடாது. சூடு தெரியாமல் வெந்து போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் மே மாத வெயிலில் வெறுங்காலோடு ஏறுவது பக்தியாக இருக்கலாம்; இந்தப் பாதத்துக்கு அது ஆபத்து, காலுறை அணிந்து ஏறட்டும். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளிலும் ஹிந்த்மாதாவிலும் தேங்கும் நீரில் கால் வைக்க விடாதீர்கள். கண்ணாடித் துண்டு குத்தியது அவருக்குத் தெரியாது. அந்தக் காயத்தின் வழியே எலிக்காய்ச்சல் கிருமி நுழையும். நாள்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வீட்டில் ஒருவர் விளக்கொளியில் பாருங்கள்.

ஒரே காலில் மட்டும் வந்தாலோ, சில நாள்களுக்குள் வேகமாக மேலேறினாலோ, கால் வலுவிழந்து எழ முடியாமல் போனாலோ அது வேறு நோய். உடலின் எதிர்ப்பு ஆற்றலே நரம்பைத் தாக்கும் கில்லன் பாரே போன்றவற்றுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதும் பிளாஸ்மா மாற்றுவதும் நரம்பைக் காப்பாற்றும் உண்மையான சிகிச்சைகள். அதற்கு நாள் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேட்டவரின் பதில்: முலுண்டிலிருந்து

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இன்று மருத்துவரைப் பார்த்தோம். அவர் பொறுமையாகப் படித்தார். பியோகிளிட்டசோனை நிறுத்திவிட்டு வேறு மருந்து தந்திருக்கிறார். பிரிகாபலினைத் தனி மாத்திரையாக, இரவில் மட்டும் 75 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டார். வீக்கம் வடிகிறதா என்று இரண்டு வாரங்கள் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் டுலோக்செடின் 30 மில்லிகிராம் சேர்க்கலாம் என்றார். இழை வைத்துப் பரிசோதித்ததில் இரண்டு பெருவிரல்களிலும் அப்பாவுக்கு உணர்ச்சியே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் தொடவில்லையே என்று அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. தாம் வெறுங்காலோடு எங்கும் போவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

டுலோக்செடின் தொடங்கினால் எந்த வேளையில் தருவது நல்லது? அவருக்குப் பெரிய மாத்திரைகளை விழுங்குவது கடினம். பிரித்துப் பாலில் கலந்து தரலாமா?

மறுமொழி 5: மாட்டுங்கா மருந்தாளுநர்

பிரிக்க வேண்டாம், சகோதரி. டுலோக்செடின் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளின் மேல் வயிற்று அமிலம் படாதபடி ஒரு பூச்சு இருக்கிறது. மென்றாலோ பொடித்தாலோ அது கெட்டு மருந்து வயிற்றிலேயே சிதைந்துவிடும். முழுதாகவே, தண்ணீரோடு விழுங்கட்டும். 30 மில்லிகிராம் கேப்சூல் சிறியதுதான். தலையைச் சற்றுக் குனிந்து விழுங்கினால் எளிதாக இறங்கும். காலை உணவுக்குப் பின் தருவது நல்லது; குமட்டல் குறையும், இரவுத் தூக்கமும் கெடாது. சிலருக்கு அது தூக்கத்தைத் தரும். அப்படியானால் இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

இரவுப் பிரிகாபலினைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். இரவில் எழுந்தால் கட்டில் ஓரத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு நிற்கச் சொல்லுங்கள். குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அளவு மாறிய முதல் வாரத்தில் லோக்கல் ரயிலில் தனியாக அனுப்ப வேண்டாம். இரண்டு வாரம் கழித்துக் கிரியேட்டினினையும் சோடியத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; முதியவர்களுக்கு டுலோக்செடினால் சோடியம் இறங்கக்கூடும் என்பதால், தொடங்குவதற்கு முந்தைய அளவு கையில் இருப்பது நல்லது.